தைராய்டு ஆராய்ச்சி: நோயாளிகளும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கவலையோடு வருபவர்கள் பெரும்பாலும் மாத்திரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது, மாத்திரை பயன் தரும் என்று யார் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்பவர் குறைவு. நாளமில்லாச் சுரப்பிகள் பல இருந்தாலும் இங்கே தைராய்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் சுரப்பி அது. சுரப்பி ஆராய்ச்சியின் எல்லா முறைகளும் கையாளப்பட்ட இடமும் அதுவே. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

கேள்வி: ஒரு சுரப்பி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்டோல்ட் 6 சேவல் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனையை இந்த முறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இரண்டு குஞ்சுகளின் விதைகளை அவர் முழுவதுமாக அகற்றினார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை, அவை கூவவும் இல்லை. மற்ற நான்கிலும் விதை அதன் இடத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டு வயிற்றுக்குள் வேறிடத்தில் வைக்கப்பட்டது. அவை கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டு, முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுபட்ட பிறகும் இது நடந்ததால், விதையின் செய்தியை உடலெங்கும் கொண்டுசெல்வது இரத்தமே என்று அவர் முடிவு கட்டினார்.

தைராய்டைப் பொறுத்தவரை அந்த 'எடுத்துவிட்டுப் பார்க்கும்' சோதனை மனிதர்களிடமே, யாரும் திட்டமிடாமல் நடந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், முன்கழுத்துக் கழலை என்னும் வீக்கத்தை அகற்றுவதில் கைதேர்ந்தவர். 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் தைராய்டை முழுவதுமாக எடுத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து அவளைத் திரும்பப் பார்த்தபோது, ஒருகாலத்தில் அவளோடு ஆள்மாறாட்டம் செய்யத்தக்க அளவு ஒத்திருந்த தங்கை நன்றாக வளர்ந்து நிற்க, இவளோ குட்டையாக, முகம் உப்பி, மந்த புத்தியோடு இருந்தாள். திடுக்கிட்ட கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் தேடி அழைத்துப் பரிசோதித்தார். முழுச் சுரப்பியை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் அதே மாற்றங்களைக் கண்டார். அதை 1883இல் அவரே வெளிப்படையாக அறிவித்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுவைத் திறனைவிட, தன் கத்தியால் விளைந்த கேட்டைத் தானே தேடிப்போய்க் கணக்கெடுத்ததுதான் மருத்துவ ஆராய்ச்சிக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய முன்மாதிரி என்பது என் கணிப்பு.

'திருப்பிக் கொடுத்துப் பார்த்தல்' 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. தைராய்டு சுருங்கிப்போய் உடல் வீங்கியிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஜார்ஜ் மர்ரே ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் தேறி எழுந்து, பின்னர் அதே சாற்றை வாய்வழியே உட்கொண்டு, 74 வயது வரை வாழ்ந்தார். அதற்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் பிரிட்டனில் சார்ல்ஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதை வேதிமுறையில் தயாரித்துக் காட்டினர். இன்று காலையில் வெறும் வயிற்றில் போடும் சிறு மாத்திரையில் இருப்பது அதே பொருள்தான்.

கேள்வி: எலியிலும் தவளையிலும் செய்யும் சோதனைகள் மனிதருக்கு எப்படிப் பொருந்தும்?

சில பொருந்தும், சில பொருந்தா. எது எது என்று கண்டறிவதே ஆராய்ச்சியின் பாதி வேலை. தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டை உணவாகக் கொடுத்தால், வளர வேண்டிய அளவு வளராமலேயே அவை வால் சுருங்கிக் கால் முளைத்துக் குட்டித் தவளைகளாகிவிடும் என்பதை ஃபிரெட்ரிக் குடர்நாட்ச் 1912இல் எழுதினார். இந்த ஹார்மோன் முதுகெலும்புள்ள உயிரினங்களுக்கெல்லாம் பொதுவானது என்பதால், ஒரு பூச்சிக்கொல்லியோ தொழிற்சாலை வேதிப்பொருளோ தைராய்டைப் பாதிக்குமா என்று அறிய இன்றும் தலைப்பிரட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

எலியின் கதை வேறு. மனித இரத்தத்தில் தைராக்ஸினைப் பிடித்துவைக்கும் ஒரு சிறப்புப் புரதம் உண்டு; அதனால் செலுத்திய தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகின்றன. வளர்ந்த எலியில் அந்தப் புரதம் இல்லாததுபோன்ற நிலையே இருப்பதால் ஒரு நாளுக்குள் பாதி தீர்ந்துவிடுகிறது. அதன் சுரப்பி ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எலியின் தைராய்டில் ஒரு மருந்து கட்டியை உண்டாக்கினால் அதை வைத்து மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லிவிட முடியாது. 'எலிகளில் நிரூபணம்' என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: அயோடின் உப்பால் பயன் உண்டு என்பதற்கு உண்மையான சான்று இருக்கிறதா?

இருக்கிறது, ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது. தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. மண்ணிலும் நீரிலும் அயோடின் போதாத இடங்களில் சுரப்பி உள்ளதைக்கொண்டு சமாளிக்க முயன்று வீங்குகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1917இல் டேவிட் மரீனும் ஆலிவர் கிம்பலும் பள்ளி மாணவியருக்கு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்களுக்குச் சோடியம் அயோடைடு கொடுத்தனர். அதை உட்கொண்ட 2,190 பேரில் 5 பேருக்கு மட்டுமே புதிதாகக் கழலை தோன்றியது; உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்குத் தோன்றியது. இன்றைய அளவுகோலில் இந்த ஆய்வில் குறை சொல்லலாம். பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளே மருந்தை எடுத்தார்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. ஆனாலும் 5க்கும் 495க்கும் இடையிலான வேறுபாட்டை அந்தக் குறையைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

இந்தியாவில் இதற்கு இணையான பணி, இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கியது. வி. ராமலிங்கஸ்வாமியும் உடன் பணியாற்றியவர்களும் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு போயிற்று. நடுவிலிருந்த பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை வெகுவாகக் குறைந்தது. மூன்றாவதில் அப்படியே இருந்தது. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டு, அங்கேயும் குறைந்தது. ஒப்பீட்டுக்காக ஒரு பகுதி மக்களுக்கு அயோடினை ஆண்டுக்கணக்கில் தராமல் வைத்தது சரியா என்று இன்றைய நெறிமுறைக் குழு கடுமையாகவே கேட்டிருக்கும். நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியதற்கு இந்தப் பள்ளத்தாக்கின் முடிவுகள் அடிப்படை ஆயின.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களை அறிந்தவர்கள், 'கடல் உப்பில் அயோடின் இயல்பாகவே இருக்குமே' என்று கேட்பது உண்டு. கடல்நீரில் அயோடின் மிகக் குறைவு. பாத்தியில் காய்ந்து படிகமாகும் உப்பில் பொருட்படுத்தத் தக்க அளவு தங்குவதில்லை. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலை உப்பின் மீது தெளிக்கிறார்கள். அயோடைடு உப்பைவிட அயோடேட்டு நம் ஊர் ஈரக் காற்றைத் தாங்கும். கடையில் வாங்குபவர் கைக்கு வரும்போது 10 லட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி.

கேள்வி: அயோடின் உப்பையே சாப்பிட்டுவந்தும் எனக்கு ஏன் தைராய்டு குறைந்தது?

இன்று நகரங்களில் தைராய்டு குறைபாட்டுக்கு முதன்மையான காரணம் அயோடின் பற்றாக்குறை அன்று. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சுரப்பியையே தாக்குவதுதான். சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில் 10.95% பேருக்குத் தைராய்டு குறைபாடு காணப்பட்டது.

இதன் மூலத்தை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ ஹகாரு 1912இல் விவரித்தார். நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த தைராய்டுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை வெள்ளையணுக்களால் நிறைந்திருந்ததைக் கண்டார். காரணம் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. விளங்கியபோது மூன்று மூலைகளிலிருந்து ஒரே ஆண்டில் விளங்கியது. 1956இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், இந்த நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) இருப்பதைக் காட்டினர். அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே செலுத்தி அதே அழற்சியை உண்டாக்கினர். 'உடல் தன்னைத் தானே தாக்காது' என்பது அன்றைய அறிவியலின் உறுதியான நம்பிக்கை. விட்டெப்ஸ்கியும் அந்த நம்பிக்கையில் ஊறியவர்தான். நியூசிலாந்தின் டனிடினில் ஆடம்ஸும் பர்வ்ஸும், சுரப்பியை அழிக்காமல் அளவுமீறித் தூண்டிவிடும் ஒரு பொருளை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டனர். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு அதுவே காரணமான ஆன்டிபாடி என்பது பின்னர் உறுதியாயிற்று.

கேள்வி: இவ்வளவு நுண்ணிய அளவிலுள்ள ஹார்மோனை இரத்தத்தில் எப்படி அளக்கிறார்கள்? அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் இன்சுலினை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆன்டிபாடியையும் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனையும் கொண்டு ஹார்மோனை அளக்கும் வழியைக் கண்டனர். இன்சுலின் ஊசி போட்டவர்களுக்கு அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது என்ற அவர்களுடைய முதற்கட்டுரையைப் புகழ்பெற்ற இதழ் ஒன்று நிராகரித்தது. அந்தக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டினார். பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டதால் பரிசில் அவருக்குப் பங்கில்லை. இன்றைய பரிசோதனைகளில் பெரும்பாலும் கதிரியக்கம் இல்லை, ஆனால் ஆன்டிபாடியைக் கொண்டு பிடித்து அளக்கும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

எண்ணை நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு குறைவாகச் சுரந்தால் அதிகமாக அனுப்பும் டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பகலில் தாழும். வேறு கடும் நோயில் படுத்திருக்கும்போதும் மாறும். முடி வளர்வதற்கென்று கடைகளில் விற்கும் அதிக அளவு பயோட்டின் மாத்திரை சில பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச். குறைவாகவும் தைராக்ஸின் அதிகமாகவும் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை இருப்பதுபோல் தோற்றுவிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்கு முன் எதையெதை உட்கொள்கிறீர்கள் என்று லேபில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் டி.எஸ்.எச். 6 என்று வந்திருக்கிறது, டி4 (தைராக்ஸின்) சரியாக இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மாத்திரை போட வேண்டுமா?

இந்தப் பக்கத்தின் மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்கு வழிவிட்டு நிற்பவை என்றுகூடச் சொல்லலாம். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'இயல்பு எல்லை' எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நலமாக இருப்பவர்கள் பலரிடம் அளந்து, நடுவிலுள்ள 95% பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அப்படியென்றால் முழு நலமுள்ளவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மேல் எல்லையைத் தாண்டியே இருப்பார்கள். மேலும் வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று உயர்கிறது. ஆக, எல்லையைத் தாண்டிய எண் கவனிக்க வேண்டிய செய்தியே தவிர, அதுவே நோய் ஆகிவிடாது.

டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கூடியிருக்கும் நிலையில் மாத்திரை பயன் தருமா என்று ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 65 வயதைக் கடந்த 737 பேரிடம் சோதித்து, முடிவை 2017இல் வெளியிட்டனர். பாதிப் பேருக்குத் தைராக்ஸின். மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தைராக்ஸின் எடுப்பவருக்கு டி.எஸ்.எச். முடிவைப் பார்த்து அளவை மாற்ற வேண்டுமல்லவா? போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் அவ்வப்போது அளவை மாற்றுவதுபோல் பாவனை செய்தார்கள்; இல்லாவிட்டால் யார் எந்தக் குழு என்பது வெளிப்பட்டுவிடும். இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஓராண்டு முடிவில் சராசரி டி.எஸ்.எச். தைராக்ஸின் குழுவில் 3.63 ஆகவும், போலி மாத்திரைக் குழுவில் 5.48 ஆகவும் இருந்தது. எண் சரியாகிவிட்டது. ஆனால் சோர்வும் மற்ற அறிகுறிகளும் இரு குழுக்களிலும் ஒன்றுபோலவே இருந்தன.

இதை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியவர்கள் மிகக் குறைவு, அவர்கள் முதியவர்கள், பலருக்குத் தொடக்கத்திலேயே அறிகுறிகள் குறைவு. இளம் வயதினர், கருத்தரிக்க முயல்பவர்கள், டி.எஸ்.எச். தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. 6 என்று ஒருமுறை வந்தால், சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பதே முதல் படி. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடுவது உண்டு.

கேள்வி: கர்ப்ப காலத்தில்?

தெளிவான தைராய்டு குறைபாடு உள்ள கர்ப்பிணிக்கு மருந்து கட்டாயம் தேவை. இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் அளவைக் கூட்ட வேண்டிவரலாம் என்பதால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐயம் இருப்பது ஓரங்களில்தான். தைராய்டு அளவுகள் சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் உள்ள, முன்பு கருச்சிதைவோ குழந்தைப்பேற்றுத் தடையோ கண்ட பெண்களுக்குத் தைராக்ஸின் உதவுமா என்று பிரிட்டனில் 952 பேரிடம் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். குழந்தை பெற்றவர்கள் தைராக்ஸின் குழுவில் 37.4%, போலி மாத்திரைக் குழுவில் 37.9%.

கேள்வி: பிறந்த குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை அவசியமா?

அவசியம். சுரப்பி இல்லாமலோ சரியாக இயங்காமலோ பிறக்கும் குழந்தை முதல் வாரங்களில் பார்வைக்குக் குறையில்லாமலே இருக்கும். அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி தடைப்பட்டுவிடும். கனடாவின் கியூபெக்கில் ழான் டுசோ 1970களின் தொடக்கத்தில், குதிகாலில் குத்தி வடிதாளில் ஒற்றியெடுத்த இரத்தப் பொட்டிலிருந்தே தைராக்ஸினை அளந்துவிடலாம் என்று காட்டினார். பிறந்த முதல் நாளில் டி.எஸ்.எச். எல்லாக் குழந்தைகளுக்கும் எகிறுவதால் இரண்டு நாள் கழித்து எடுப்பதே நல்லது. மேலை நாடுகளில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருப்பதாக அன்று கண்டார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 1,000த்துக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளர்கிறார்கள்.

கேள்வி: மாத்திரை போட்டு எண் சரியாகிவிட்டது, ஆனாலும் சோர்வு போகவில்லை. டி3 (தைராய்டின் மற்றொரு ஹார்மோன்) சேர்த்தால் சரியாகுமா?

உடல் பெரும்பாலான டி3ஐ டி4இலிருந்தே செய்துகொள்கிறது. சுரப்பியே இல்லாதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்து, இரத்தத்தில் டி3 உருவாவதை 1970இல் பிரேவர்மனும் உடன் பணியாற்றியவர்களும் காட்டிய பிறகே டி4 மாத்திரை மட்டும் போதும் என்ற பழக்கம் ஊன்றியது. 1999இல் 33 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மனநிலை மேம்படுகிறது என்றது. அதன்பின் வந்த பெரும்பாலான ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. சிலருடைய மரபணு அமைப்பால் இந்த மாற்றம் முழுமையாக நடப்பதில்லையோ என்ற கேள்வி இன்னும் ஆராயப்படுகிறது. 'உங்கள் ரிப்போர்ட் நார்மல்' என்ற ஒரு வரியோடு இவர்களை அனுப்பிவிடுவது சரியன்று. இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். மாத்திரையோடு சேர்த்தே இரும்புச்சத்தோ கால்சியமோ விழுங்கினால் தைராக்ஸின் சரியாக உடலில் சேராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மருந்து நிறுவனம் பணம் தரும் ஆய்வை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் என்று பார்த்து. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெட்டி டோங், பூட்ஸ் நிறுவனத்தின் நிதியில், அதன் தைராக்ஸின் மாத்திரையை மலிவான மற்ற மாத்திரைகளோடு ஒப்பிட்டார். ஆய்வு 1990இல் முடிந்தது. எல்லாம் சமம் என்பது முடிவு. நிறுவனத்தின் அனுமதியின்றி வெளியிட இயலாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்ததால், 1995இல் அச்சேறவிருந்த கட்டுரை கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டு, 1997இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளிகள் விலை கூடிய மாத்திரையையே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: என்னை ஓர் ஆய்வில் சேர அழைக்கிறார்கள். எதையெல்லாம் கேட்க வேண்டும்?

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா, அதன் பிரதி உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். போலி மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அந்தக் காலத்தில் நோய் முற்றினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். ஆய்வினால் உடல்நலம் கெட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவகம் 2007 முதல் இயங்கிவருகிறது. அதன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்களா என்று தேதியை ஒப்பிடுங்கள். 'முதன்மை விளைவு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அங்கே டி.எஸ்.எச். அளவு மட்டும் இருந்தால், உங்கள் சோர்வு, இதயத்துடிப்பு, எலும்பின் உறுதி ஆகியவற்றை யார், எப்போது, எப்படிக் கேட்டறிவார்கள் என்று ஆய்வாளரிடமே கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.